ஜயன்ட்ஸும் ஒரு நூல் மில்லும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் பதினெட்டு வருடமாக நியூ ஜெர்ஸியில் இருக்கிறேன். நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். கல்லூரித் தோழர்கள் நாலு பேர் சேர்ந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறோம். 2022 ஜனவரியில் அணிக்குப் புது ஜெனரல் மேனேஜர் தேடியபோது ஜோ ஷேன், ஆடம் பீட்டர்ஸ், ரையன் போல்ஸ் மூவரும் கடைசிச் சுற்றில் இருந்தார்கள். நான் பீட்டர்ஸ் என்றேன். ஷேனை எடுத்தார்கள். பீட்டர்ஸ் 2024இல் வாஷிங்டனுக்குப் போய் முதல் வருடமே அந்த அணியைத் தூக்கி நிறுத்திவிட்டார். நாம் அன்றைக்கே அவரை எடுத்திருக்க வேண்டும் என்று வாட்ஸாப் குழுவில் எழுதப்போய் நெருங்கிய நண்பனோடு சண்டை, மூன்று மாதமாகப் பேச்சே இல்லை. "இந்த ஆள் தேடும் வேலைக்கு உங்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?" என்கிறாள் மனைவி. இதெல்லாம் வீண் வேலையா சார்? இன்னொன்று, இந்தப் பதவிக்கு வருபவர் முன்னாள் ஆட்டக்காரராக இருக்க வேண்டுமா, கணக்கும் புள்ளிவிவரமும் தெரிந்தால் போதுமா?

– ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மற்ற வாசகர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. இது நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். மொத்தம் 32 அணிகள். ஜெனரல் மேனேஜர் மைதானத்தில் இறங்குவதில்லை. யாரை அணிக்குள் எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எத்தனை கோடி கொடுப்பது என்பதெல்லாம் அவர் வேலை. எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றுதான், 2022இல் அது 20 கோடியே 82 லட்சம் டாலர். அதற்குள் 53 பேரைக் கட்டி மேய்க்க வேண்டும். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும்.

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். ஆட்டக்காரரா, கணக்குக்காரரா என்பது வெட்டிப் பேச்சு. ஜான் லிஞ்ச் ஆட்டக்காரர், தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவரை 2017இல் நேராகக் கூட்டிவந்து சான் பிரான்சிஸ்கோவில் ஜெனரல் மேனேஜராக உட்கார வைத்தார்கள். அந்த அணி இரண்டு தடவை சூப்பர் பௌல் (அதுதான் லீக்கின் இறுதிப் போட்டி) வரைக்கும் போனது. உங்கள் ஜயன்ட்ஸை மீட்ட ஜார்ஜ் யங்கோ பால்டிமோரில் பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார். போதுமா?

‘நாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நாம் எடுத்திருக்க வேண்டுமாம். 1925இல் டிம் மாரா என்பவர் 500 டாலர் கொடுத்து வாங்கிய அணி அது. நூறு வருடமாக மாரா குடும்பத்திடம் இருக்கிறது, 1991இல் பாதியை டிஷ் குடும்பம் வாங்கியது. சீசன் டிக்கெட்டில் கால் பங்கு வைத்திருக்கும் உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நண்பனை இழந்திருக்கிறீர்கள்.

நான் ஏன் இதற்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன் என்றால், மேனேஜர் தேடுவது என்கிற இந்த விஷயம் கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்பதுகளின் நடுவில், கல்லூரி முடித்த கையோடு, கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இரண்டு வருடம் இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் மூன்று மேனேஜர்கள். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் வாசல் டீக்கடையில் எங்களுக்கு ஒரே திருவிழாதான். உங்கள் வாட்ஸாப் குழு மாதிரியேதான். அந்த மில்லில் இருந்தவரைக் கொண்டுவருவார்கள், இல்லையில்லை, உள்ளேயே ஸ்பின்னிங் மாஸ்டருக்குக் கொடுப்பார்கள், மில்லை நிமிர்த்த இனிமேல் இவர்தான் ஆள், அவரெல்லாம் ஆகாது. இரண்டு ஷிப்ட் ஆட்களும் இதே பேச்சு.

மூன்றாவதாக வந்தவரை எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒல்லியான மனிதர், சத்தமே கிடையாது. ஆறு மாதம் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். பஞ்சு குடோனில் போய் நிற்பார், ஒரு பொதியிலிருந்து ஒரு சிட்டிகை பிய்த்து இரண்டு கை விரலுக்கும் நடுவே இழுத்து இழுத்துப் பார்ப்பார், டைரியில் எழுதிக்கொள்வார். ‘டைரி’ என்றே பெயர் வைத்துவிட்டோம். பொங்கலுக்குள் கிளம்பிவிடுவார் என்று ஐந்து ரூபாய் பந்தயம் கட்டியவன் நான்.

ஜெயித்தேன். அவர் முதலாளியிடம் போய்ச் சொன்னது ஒன்றே ஒன்று. நூல் அறுந்து அறுந்து போவதற்கு மிஷினும் காரணமில்லை, ஆட்களும் காரணமில்லை, பஞ்சு சரியில்லை, இனிமேல் பஞ்சை நான் பார்த்து வாங்குகிறேன். பஞ்சு கொள்முதல் முதலாளியின் மச்சான் கையில் இருந்தது. ‘அதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்றாராம் முதலாளி. பத்து நாளில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் டைம் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, ஆறு மாசமா தினம் உங்களைப் பார்க்கறேன், பேரைக் கேக்கவே இல்ல பாருங்க" என்றார். என் பையில் அந்த ஐந்து ரூபாய் இருந்தது. அன்று சாயங்காலமே அதில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். அந்த மில் அப்புறம் ஒன்றரை வருடம்தான் ஓடியது.

சரி, ஜயன்ட்ஸுக்கு வருகிறேன். 1978 நவம்பர் 19, பிலடெல்பியா ஈகிள்ஸோடு ஆட்டம். உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஜயன்ட்ஸ் 17–12 முன்னிலை, மீதி 31 வினாடி, எதிரணியிடம் டைம் அவுட் கிடையாது. பந்தை வைத்துக்கொண்டு முட்டி போட்டாலே நேரம் ஓடிவிடும், ஜெயம். அதை விட்டுவிட்டுப் பந்தைக் கை மாற்றப்போய் அது நழுவி, ஹெர்ம் எட்வர்ட்ஸ் எடுத்துக்கொண்டு ஓடி, 19–17. அடுத்த மாதம் ரசிகர்கள் டிக்கெட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுக் கொளுத்தினார்கள். மைதானத்துக்கு மேலே ஒரு சின்ன விமானம் பறந்தது, பின்னால் நீளத் துணி: பதினைந்து வருட மட்டமான ஆட்டம், போதும்.

அந்தச் சமயம் அணியின் பாதி வெலிங்டன் மாரா கையில், மறுபாதி அவர் அண்ணன் மகன் டிம் மாரா கையில் (முதலில் சொன்ன டிம் மாராவின் பேரன்). சித்தப்பாவுக்கும் மகனுக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. ஒருவர் சொன்ன ஆளை இன்னொருவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கடைசியில் லீக்கின் கமிஷனர் பீட் ரோஸல் தலையிட்டு ஜார்ஜ் யங்கின் பெயரைச் சொன்னார். 1979 பிப்ரவரியில் யங் வந்தார். இரண்டு முதலாளிகளும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்ததால் ஆட்டத்தைப் பற்றிய முடிவெல்லாம் யங்கின் கைக்கு வந்தது. சண்டையால் வந்த சுதந்திரம். இரண்டு பேரும் ராசியாக இருந்திருந்தால் அந்த வாத்தியாருக்கு இந்த வேலையே கிடைத்திருக்காது, கிடைத்திருந்தாலும் ஒரு மச்சான் குறுக்கே வந்திருப்பான் என்பது என் கட்சி.

கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். அவர் முதல் டிராஃப்டில் எடுத்த பையன் ஃபில் சிம்ஸ். யாரும் கேள்விப்படாத சின்னக் கல்லூரி. கூடியிருந்த ரசிகர்கள் ‘பூ’ என்று கத்தினார்கள். பையனுக்கு அடுத்தடுத்துக் காயம், ஐந்து வருடம் ஆயிற்று நிலைத்து நிற்க. யாரும் யங்கை விரட்டவில்லை. 1987 ஜனவரி சூப்பர் பௌலில் அதே சிம்ஸ் 25 பந்து எறிந்தார், 22 சரியாகப் போய்ச் சேர்ந்தது. இதைச் சொன்னதும் நீங்கள் டேனியல் ஜோன்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். 2019இல் அவரை எடுத்தபோதும் கத்தினோமே, அந்தக் கத்தல் சரியாகப் போயிற்றே என்று. ஆமாம், சரியாகத்தான் போயிற்று. கத்துகிறவனுக்கு இரண்டு தடவையும் ஒரே அளவுதான் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் பீட்டர்ஸ். வாஷிங்டனை முதல் வருடமே நிமிர்த்திவிட்டார் என்கிறீர்கள். 12 வெற்றி, 5 தோல்வி, மறுக்கவில்லை. கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் வருவதற்கு ஆறு மாதம் முன்னால் அங்கே என்ன நடந்தது என்பதை ஏன் எழுதவில்லை? 1999இலிருந்து அந்த அணியை வைத்திருந்த டான் ஸ்னைடர் 2023 ஜூலையில் அதை 605 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார். ‘அணியை வித்துட்டுப் போ’ என்று சொந்த மைதானத்திலேயே கத்திக் கத்தி அந்த ஊர் ரசிகர்களுக்குத் தொண்டை வற்றியிருந்தது. முதலாளி மாறி, புது முதலாளி தேடி எடுத்த ஆள் பீட்டர்ஸ். 2022இல் அதே பீட்டர்ஸ் ஸ்னைடரிடம் போயிருந்தால்? நீங்கள் சொல்வீர்கள், நான் ஸ்னைடரைச் சொல்லவில்லையே, ஜயன்ட்ஸைத்தானே சொன்னேன் என்று. அதைத்தான் நானும் கேட்கிறேன். மூன்று மேனேஜரையும் தராசில் வைத்து மூன்று மாதம் நிறுத்தீர்களே, தராசைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதா? 2024 டிசம்பரில் மறுபடி உங்கள் மைதானத்துக்கு மேலே விமானம் பறந்தது, அடுத்தடுத்து இரண்டு வாரம். மிஸ்டர் மாரா, போதும், இதைச் சரி செய்யுங்கள் என்று முதல் வாரம். எல்லோரையும் வேலையை விட்டு அனுப்பும் வரை ஓய மாட்டோம் என்று மறு வாரம். ராஜாவிடமே போய் மந்திரியை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கிறார்கள். நாற்பத்தாறு வருடத்தில் விமானத்துக்கு வாடகை ஏறியிருக்கும், மனு அதே மனுதான்.

இங்கே என் வாதம் கொஞ்சம் நொண்டும், அதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள். 2024இல் ஜயன்ட்ஸின் நட்சத்திர ஓட்டக்காரர் சேக்வான் பார்க்லியை விட்டுவிடலாம் என்றார் ஷேன். அவன் பிலடெல்பியாவுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது என்று முதலாளி ஜான் மாரா சொன்னது கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. சொன்னாரே தவிர, தடுக்கவில்லை. பார்க்லி பிலடெல்பியாவுக்கே போனார், அந்த சீசனில் 2005 கெஜம் ஓடினார், உங்கள் பீட்டர்ஸின் வாஷிங்டனை அரையிறுதியில் 55–23 என்று நசுக்கியதில் அவருக்கு மூன்று டச் டவுன் (நம்மூர்க் கோல் மாதிரி), அப்புறம் தன் பிறந்தநாள் அன்றே சூப்பர் பௌலும் ஜெயித்தார். ஆக, குறுக்கிடாத முதலாளியும் தோற்பார். ஷேன் செய்தது தப்புதான். ஆனால் ‘அதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் கேள்’ என்று சொல்லாத முதலாளி ஒருவரைப் பார்த்ததும் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. மில்லில் வேலை பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

இன்னொரு ஆள் இருக்கிறார். 1978இல் பந்து நழுவிய அந்த அணியின் தலைமைக் கோச் ஜான் மெக்வே. சீசன் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகட்டும் சனியன் என்றுதான் ஊர் நினைத்திருக்கும். அவர் சான் பிரான்சிஸ்கோ போய், அங்கே கோச்சாக இருந்த பில் வால்ஷ் பக்கத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆள் எடுக்கிற வேலை பார்த்தார். அந்த அணி அவர் காலத்தில் ஐந்து சூப்பர் பௌல் ஜெயித்தது. பேரன் ஷான் மெக்வேதான் இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸின் கோச். 1979 ஜனவரியில், ஜெனரல் மேனேஜர் யார் யார் என்று ஊரே அடித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயரை அப்போது யாராவது சொல்லியிருந்தால் கல்லெடுத்து அடித்திருப்பார்கள்.

வீணா என்று கேட்டீர்கள். உங்கள் மனைவி கேட்டதற்கு நான் என்ன சொல்ல, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நாங்களும் டீக்கடையில் அப்படித்தான் நேரத்தைப் போக்கினோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மாதமாக அந்த நண்பரோடு பேசவில்லை என்று எழுதிய வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதே டிக்கெட்டில்தானே அவருக்கும் கால் பங்கு? அடுத்த ஆட்டத்துக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார வேண்டும்? இன்றைக்கே போன் செய்யுங்கள். ஷேன், பீட்டர்ஸ் பெயரை எடுக்க வேண்டாம், மெக்வே கதையைச் சொல்லுங்கள். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி கேட்டுக்கொள்வார்.

அன்புடன்,