அக்சஸ் குவெரி எக்ஸ்போர்ட்: வாசகர் கேள்விகள்

அக்சஸ் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) டேபிளில் குறிப்புகள் முழுதாக இருக்கின்றன. குவெரியை (டேபிளிலிருந்து தரவைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) எக்செலுக்கு அனுப்பினால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகின்றன. ஏன்?

வெட்டுப்பட்ட செல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். சரியாக 255 என்றால் கோளாறு எக்செலில் இல்லை, குவெரியில்தான். குரூப் பை (ஒரே மதிப்புள்ள வரிகளைத் தொகுப்பது), டிஸ்டிங்க்ட் (இரட்டை வரிகளை நீக்குவது), யூனியன் (குவெரிகளின் முடிவுகளை ஒன்றாக்குவது) எதைப் போட்டாலும் அக்சஸ் வரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டாக வேண்டும். அப்போது லாங் டெக்ஸ்ட் (நீண்ட உரைக்கான) ஃபீல்டில் முதல் 255 எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும்.

டோட்டல் வரிசையில் அந்த ஃபீல்டுக்கு மட்டும் குரூப் பை-யை எடுத்துவிட்டு ஃபர்ஸ்ட் என்று வையுங்கள். தலைப்பின் முன்னால் 'ஃபர்ஸ்ட் ஆஃப்' ஒட்டிக்கொள்ளும். ஃபீல்டு பெயருக்கு முன்னால் வேறு பெயர் தட்டி முக்காற்புள்ளி (:) வைத்தால் சரியாகிவிடும். யூனியன் என்றால் யூனியன் ஆல் ஆக்குங்கள், இரட்டை வரிகள் வந்தால் பரவாயில்லை என்றால் மட்டும். அப்புறம், அந்த ஃபீல்டின் ஃபார்மட் பிராபர்ட்டியில் ஏதாவது இருந்தாலும் இதே வெட்டு விழும். அதைக் காலியாக்குங்கள்.

இவ்வளவு நடந்தும் அக்சஸ் ஓர் எச்சரிக்கைகூடக் காட்டாது என்பதுதான் எனக்குக் கவலை. கோப்பை யாருக்கும் அனுப்பும் முன் நீளமான குறிப்பு ஒன்றையாவது டேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது 65,000 வரிகளுக்கு மேல் முடியாது என்கிறதே அக்சஸ்?

எக்ஸ்போர்ட் விண்டோவில் ஃபார்மட்டிங், லேஅவுட்டோடு அனுப்பும் டிக்கை எடுத்துவிட்டு, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

சிஎஸ்வி-யில் (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் கோப்பு) 12.3456 போன்ற எண்களுக்கு இரண்டு தசம இலக்கம்தான் வருகிறது.

டெக்ஸ்டாக எக்ஸ்போர்ட் செய்யும்போது டபுள், சிங்கிள் வகை எண்களுக்கு அக்சஸ் விண்டோஸின் ரீஜன் அமைப்பைப் பின்பற்றுகிறது. அங்கே தசம இலக்கம் பெரும்பாலும் 2. அதைக் கூட்டலாம், ஆனால் கணினிக்குக் கணினி மாறும் அமைப்பை நம்பியிருக்க வேண்டாம் என்பேன். குவெரியிலேயே ஃபார்மட் ஃபங்ஷனில் "0.0000" என்று கொடுப்பதே உறுதியான வழி. அப்படிச் செய்தால் எண் டெக்ஸ்டாகி மேற்கோள் குறிக்குள் போகும். வாங்கும் மென்பொருள் அதை ஏற்கவில்லை என்றால் டெக்ஸ்ட் குவாலிஃபையரை (அந்த மேற்கோள் குறியை) நீக்கலாம். ஆனால் வேறு ஃபீல்டுகளில் காற்புள்ளி இருந்தால் நீக்காதீர்கள், நெடுவரிசைகள் இடம் மாறிவிடும்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகின்றன.

எக்ஸ்போர்ட் விசார்டில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, கோட் பேஜை யுடிஎஃப்-8 ஆக்கி, ஸ்பெசிஃபிகேஷனாகச் சேமியுங்கள். கோடில் டிரான்ஸ்ஃபர்டெக்ஸ்ட் பயன்படுத்தினால் கடைசி ஆர்க்யுமென்டாக 65001 (யுடிஎஃப்-8-இன் எண்) கொடுங்கள்.

ஃபார்மிலிருந்து தேதி எடுக்கும் குவெரி, கிளிக் செய்தால் ஓடுகிறது. விபிஏ-வில் (அக்சஸின் நிரல்மொழி) ரெக்கார்ட்செட்டாகத் (வரிகளின் தொகுப்பாக) திறந்து எக்செலில் எழுதப் போனால் 3061 பிழை வருகிறது.

டிஏஓ-வுக்கு (கோடில் தரவைத் திறக்கும் பகுதி) உங்கள் ஃபார்ம் தெரியாது. குவெரியில் ஃபார்மைச் சுட்டும் இடத்தை மதிப்பு கொடுக்காத பேராமீட்டராகத்தான் பார்க்கிறது. குவெரிடெஃபை (கோடில் குவெரியைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) எடுத்து, ஒவ்வொரு பேராமீட்டருக்கும் அதன் பெயரையே இவால் ஃபங்ஷனில் கொடுத்து மதிப்பை நிரப்பியபின் ரெக்கார்ட்செட்டைத் திறங்கள். ஃபார்ம் திறந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கோட் எழுத விருப்பமில்லையா? மேக்-டேபிள் (முடிவைப் புது டேபிளாக எழுதும்) குவெரியாக மாற்றி, வரும் டேபிளை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்தக் குவெரியைக் கோடில் எக்ஸிக்யூட்டில் ஓட்டினால் அதே 3061 வரும். டூகமாண்டின் ஓபன்குவெரியில் ஓட்டுங்கள். தினமும் செய்தால் கோப்பு பருத்துக்கொண்டே போகும், அவ்வப்போது காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் செய்துவிடுங்கள்.