கேட்பவருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்

கேள்வி: பேச்சுப் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். மேடை ஏறியதும் கூட்டம் முழுக்க மங்கலாகத் தெரிகிறது. பின்சுவரைப் பார்த்தபடியே பேசி முடித்துவிடுகிறேன். கைதட்டுகிறார்கள், ஆனால் யாரும் கேட்ட மாதிரி இல்லை.
(கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பின்சுவரைப் பார்த்தால் பயம் போகும் என்று எனக்கும் சொல்லித்தந்தார்கள். அந்தப் பழக்கத்தை விட எனக்கு மூன்று வருடம் பிடித்தது. சுவர் பதில் சொல்லாது, அதுதான் சிக்கல்.

மேடை ஏறும் முன்பே கூட்டத்தில் மூன்று முகங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று. ஒரு வாக்கியத்தை ஒருவரிடமே முழுதாகச் சொல்லி முடியுங்கள். அப்புறம் அடுத்தவரிடம் போங்கள். வாக்கியத்தின் நடுவில் கண்ணை எடுக்க வேண்டாம். அவர் தலையாட்டலாம், புருவத்தைச் சுருக்கலாம். சுருங்கிய புருவம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். 'இன்னொரு தடவை சொல்லேன்' என்று அவர் கேட்கிறார். உடனே அதையே வேறு வார்த்தையில் சொல்லுங்கள். கூட்டம் உங்களோடு பேசத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்க்கத் தொடங்கினாலே அச்சத்தில் பாதி குறைந்துவிடுகிறது. நம் கை நடுங்குகிறதா என்று கவனிக்கும்போதுதான் அது இன்னும் நடுங்கும்.

கேள்வி: நண்பர்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதே நகைச்சுவையை மேடையில் சொன்னால் எடுபடவில்லை.
(மேடைக்குப் புதியவர்)

பதில்: இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். முதலாவது, நம் மொழியின் அமைப்பு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். நகைச்சுவைக்கு அது ஆகாது. ஒரு தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். "ஒழுங்காகத் தேடினீர்களா?" என்று பாட்டி கேட்கிறார். இப்போது, "கண்ணாடி இருந்தால்தானே ஒழுங்காகத் தேட முடியும் என்று தாத்தா சொன்னாராம்" என்று முடித்துப் பாருங்கள். சிரிக்க வாய் திறந்தவர், அந்த 'என்று சொன்னாராம்' முடியட்டும் என்று காத்திருக்கிறார். அதற்குள் சிரிப்பு ஆறிவிடும். "தாத்தா சொன்னார்" என்பதை முன்னால் வைத்துவிட்டு, அவர் பேச்சோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். வால் வேண்டாம்.

இரண்டாவது, சிரிப்பின் மேல் பேசுவது. சிரிப்பு அலை மாதிரி. எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கிப் பாதிக்கு வந்ததும் அடுத்த வரியைத் தொடங்குங்கள். உச்சியில் இருக்கும்போதே பேசினால், அடுத்த வரியைத் தவறவிட்டவர்கள் அதற்கப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கத் தொடங்குவார்கள். அடக்கப் பழகிய கூட்டம் பிறகு சிரிக்காது. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தாலோ, மறுபடியும் முதலிலிருந்து ஏற வேண்டும். நண்பர்கள் நடுவில் இதையெல்லாம் யோசிக்காமலே சரியாகச் செய்கிறீர்கள், ஏனென்றால் அவர்களோடு சேர்ந்து நீங்களும் சிரிக்கிறீர்கள்.

கேள்வி: எழுதி வைத்துப் பேசுவது நல்லதா, மனதில் தோன்றுவதைப் பேசுவது நல்லதா?
(ஆசிரியர் ஒருவர்)

பதில்: எழுதுங்கள், ஆனால் எழுதியதை விட்டு விலகவும் தயாராக இருங்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பேசினார். கையில் எழுதிய உரை இருந்தது. அதைப் பின்பற்றித்தான் வந்துகொண்டிருந்தார். அருகில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டார். உலகம் இன்று நினைவில் வைத்திருக்கும் 'எனக்கொரு கனவு உண்டு' என்ற பகுதி அந்த உரையில் எழுதப்பட்டிருக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, 'பாருங்கள், தயாரிப்பே தேவையில்லை' என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கனவைப் பற்றி அதற்கு முன்பே வேறு மேடைகளில் அவர் பேசியிருக்கிறார். வார்த்தைகள் நாக்கில் ஊறிக் கிடந்தன. ஒரு குரல் கேட்டதும் அவற்றை எடுக்க முடிந்தது. அந்தக் குரலைக் காதில் வாங்கிக்கொண்டாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இடையில் மறந்துபோனால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கப் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1960இல் பெர்லினில் பாடும்போது ஒரு பாட்டின் வரிகள் மறந்துபோயின. பாட்டை நிறுத்தவில்லை. வரி மறந்துவிட்டது என்பதையே அதே மெட்டில் பாடிக்கொண்டு போனார். அந்தப் பதிவுக்கு, இசைக்குத் தரப்படும் கிராமி விருது கிடைத்தது. மறந்ததை மறைக்கப் பார்க்காதீர்கள், கூட்டத்தையும் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேசும்போது எதிரில் இருப்பவர்கள் போனைப் பார்க்கிறார்கள். கோபம் வருகிறது.
(ஒரு வாசகர்)

பதில்: கோபத்தை மேடையில் காட்டாதீர்கள். குரலைத் தணித்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மெதுவாக நான்கு எண்ணும்வரை பேசாமல் நில்லுங்கள். தலைகள் நிமிரும். நிமிராவிட்டால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பகுதி நீண்டுவிட்டது. அதைச் சுருக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: என் சிறுகதைகளைப் படித்தவர்கள் 'நன்றாக இருக்கிறது' என்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவில்லை.
(இளம் எழுத்தாளர் ஒருவர்)

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு கதைகளையும் படித்தேன். இரண்டிலும் கடைசிப் பத்தியை அடித்துவிட்டேன். வாசகர் உணர வேண்டியதை அங்கே நீங்களே உணர்ந்து முடித்துவிடுகிறீர்கள்.

இதை நான் மேடையில்தான் கற்றுக்கொண்டேன். அம்மா இறந்தபின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். அடியில் நூல் கட்டிய சின்னக் கட்டு ஒன்று. எல்லாம் பஸ் டிக்கெட். வேலைக்குப் போனபிறகு அவரைப் பார்க்க வரும்போதெல்லாம் சட்டைப்பையில் இருந்து நான் மேஜைமேல் எடுத்துப் போட்ட டிக்கெட்டுகள். 11 வருடம். எண்ணிப் பார்த்தேன், 19 டிக்கெட் இருந்தது.

ரொம்ப நாள் இதைச் சொன்னதும், தாயன்பு பற்றி நாலு வரி சேர்ப்பேன். கைதட்டுவார்கள். ஒருநாள் '19' என்று சொன்ன நொடியில் மைக் நின்றுபோனது. ஒரு பையன் ஓடிவந்து ஒயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். அரை நிமிடம் இருக்கும். அரங்கில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. மைக் வந்ததும் அந்த நாலு வரியைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன்.

கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் வந்தார். பேச்சு நன்றாக இருந்தது என்றெல்லாம் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா சட்டைப்பையில ஒரு சீட்டு இருந்துச்சு. என் ஆபீஸ் போன் நம்பர், அவர் கையெழுத்துல. ஒருநாள்கூட அவர் போன் பண்ணுனதில்ல" என்றார்.