பாப்பா எழுதின 67ஆவது வரி

கடிதம்:

அண்ணே வணக்கம். திருமங்கலத்துல இருந்து எழுதுறேன். போன மாசம் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனப்ப, ஆயிரங்கால் மண்டபத்துல இருக்கிறது 985 தூண்தான்னு கேட்டதுல இருந்து, அஞ்சாவது படிக்கிற என் மக நோட்டுல 985, 1970, 2955, 3940ன்னு கூட்டிக் கூட்டி எழுதிக்கிட்டே இருக்கா. முன்னாடி இருக்கிற ஆயிரம் ஒண்ணொண்ணா ஏறுது, பின்னாடி மூணு எண்ணு பதினஞ்சு பதினஞ்சா இறங்குதுன்னு அவளே கண்டுபிடிச்சா. 66ஆவது வரி 65010. அடுத்தது 66ன்னு ஆரம்பிக்கணும்ல, ஆனா 65995ன்னு வந்துருச்சு. ட்யூஷன் மிஸ் அதச் சிவப்புல சுழிச்சு தப்புன்னு போட்டுட்டாங்க, பிள்ளை அழுதுட்டா. எங்கண்ணே தப்பு? இப்படி பெரிய நம்பரா எண்ணுறதுல எதுவும் பிரயோசனம் இருக்கா, இல்ல வாய்ப்பாட்டப் படின்னு சொல்லிறவா?

பதில்:

வணக்கம்மா. மொதல்ல பாப்பாவக் கூப்பிட்டுச் சொல்லிருங்க, 65995 சரி. 65010ல 985ஐக் கூட்டினா வேற எதுவும் வராது. அந்த மிஸ்ஸும் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க, வரிசையப் பாத்து 66ன்னு வரணும்னு நெனச்சிருப்பாங்க, ஆனா கூட்டிப் பாக்காம சுழிச்சது எனக்கு வருத்தந்தான்.

1569ல அரியநாத முதலியார் கட்டினதுன்னு சொல்ற மண்டபம் அது. பேரு ஆயிரம், இருக்கிறது 985. அந்தப் பதினஞ்சு குறைச்சல்லதாம்மா பாப்பாவோட கணக்கு முழுசும் இருக்கு. 985 கூட்டுறதுன்னா ஆயிரத்தக் கூட்டிட்டு பதினஞ்ச எடுத்துக்கிறது, அவ்வளவுதான். எங்கப்பா கீழமாசி வீதியில ஒரு பலசரக்குக் கடையில கணக்கு எழுதினாரு, மூட்டை அம்பது கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழிவுன்னா 49 வாய்ப்பாடெல்லாம் அவருக்குத் தெரியாது, 37 மூட்டை இறங்குச்சா, 1850, அதுல 37 போக 1813ன்னு லாரிக்காரரு திரும்பிப் பாக்கிறதுக்குள்ள சொல்லிருவாரு. பாப்பா யாரும் சொல்லிக் குடுக்காம அதே வழியப் பிடிச்சிருக்கா.

சரி, 67ல ஏன் நின்னுச்சு? ஒவ்வொரு வரிக்கும் பதினஞ்சு பாக்கி சேருது. 66 வரியில 990, அதாவது 66000ல 990 போக 65010. இதுவரைக்கும் பாக்கிய அடைக்க ஒரே ஒரு ஆயிரத்த மாத்தினாப் போதும், அதனாலதான் முன்னாடி எண்ணு எப்பவும் வரி நம்பருக்கு ஒண்ணு கம்மியாவே வந்துச்சு. 67ஆவது வரியில பாக்கி 1005. ஒரு ஆயிரம் பத்தல, இன்னொன்னையும் மாத்தணும். புதுசா ஒரு ஆயிரம் வந்துச்சு, வந்த கையோட அதுவும் போயிருச்சு, 65 அப்படியே நிக்குது. திரும்பவும் 134ஆவது வரியில நிக்கும், அங்க பாக்கி 2010. 133ல 131005, 134ல 131990. 200ஆவது வரியில பாக்கி சரியா 3000, அதனால 197000ன்னு பின்னாடி மூணும் சைபரா வந்து நிக்கும், அதுக்கப்பறம் 985, 970ன்னு பழைய வரிசையே மறுபடி ஓடும்.

இத எழுதிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு ஒண்ணு தோணுச்சு, அதச் சொல்லாம விட முடியல. மண்டபத்த விட்டுட்டு நூறுல பதினஞ்சு கொறச்சு 85ஆ எண்ணச் சொல்லுங்க. 85, 170, 255, 340, 425, 510, 595. முன்னாடி ஒண்ணொண்ணா ஏறி வந்த நூறு ஏழாவது வரியில அஞ்சுலயே நின்னுருச்சு பாருங்க! 67 வரி எழுதிக் கண்டுபிடிச்சது இங்க ஏழே வரியில வந்துருது. 85க்கு 7, 985க்கு 67. அப்ப பத்தாயிரத்துல பதினஞ்சு கொறச்சு 9985ஆ எண்ணினா எந்த வரியில நிக்கும்? எழுத விடாதீங்க, யோசிச்சே சொல்லட்டும். ஏழு பதினஞ்சு 105, அறுபத்தேழு பதினஞ்சு 1005ன்னு மட்டும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுங்க போதும்.

வாய்ப்பாடு வேணாம்னு நான் சொல்லலம்மா, பதினாறு வரைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். ஆனா ஒரு பிள்ளை தானா 67 வரி எழுதி, வரிசை மாறுற இடத்துல "ஏன்"னு நின்னுருக்கு. அந்த நோட்ட எடைக்குப் போட்டுறாதீங்க, பத்திரமா வையுங்க. ட்யூஷனுக்கும் எடுத்துட்டுப் போயி 66000ல 990, 67000ல 1005னு ரெண்டே கழித்தலப் போட்டு மிஸ்கிட்டக் காட்டச் சொல்லுங்க, அவங்களே அந்தச் சுழிய அடிச்சு டிக் போட்டுருவாங்க.

9985க்கு பாப்பா என்ன சொன்னான்னு எழுதுங்க. நான் இங்க போட்டுப் பாத்துட்டேன், நிக்கிற வரிக்கு முந்தின வரி 66,50,010.