ஏஜென்ட் இல்லாமல் மதுரையில் இருந்தே கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பிக்க முடியுமா? எனக்கு வயது 31, ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார்.

முடியும். 2018-ல் நானும் என் மனைவியும் அப்படித்தான் விண்ணப்பித்தோம், திருநகர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய லேப்டாப்பையும் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடை ஸ்கேனரையும் வைத்துக்கொண்டு. அதற்கு முன்னால் நாங்களும் ஒரு கன்சல்டன்சியில் ஏறி இறங்கியவர்கள்தான். எங்களிடம் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். அதற்கு என்ன செய்வீர்கள் என்றால், "ஃபைல் பண்ணித் தருவோம் சார்." ஃபைல் பண்ணுவது கனடா அரசின் தளத்தில் கணக்குத் தொடங்கி நாமே செய்கிற வேலை. பேப்பர் சேர்ப்பதுதான் கஷ்டம், அதற்கு ஏஜென்ட் வைத்தாலும் அலைவது நாம்தான். கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகரோ வழக்கறிஞரோ அல்லாத ஒருவர் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்கவே கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். உங்கள் ஏஜென்டிடம் உரிம எண் கேட்டுப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறையில் வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, அவ்வப்போது ஒரு சுற்று நடத்தி, புள்ளி அதிகம் உள்ளவர்களை விண்ணப்பிக்க அழைக்கிறார்கள். வேலை வாங்கித் தருகிறேன், அதற்குப் புள்ளி உண்டு என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை உத்தரவாதக் கடிதத்துக்கு இருந்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளிக் கணக்கு முழுவதையும் இங்கே எழுதப் போவதில்லை, அவர்கள் தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது. கல்யாணம் ஆகியிருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கணவன்தான் முதன்மை விண்ணப்பதாரர் என்று எந்த விதியும் இல்லை. அப்போது எனக்கு 34, மனைவிக்கு 29. தம்பதியாக விண்ணப்பித்தால் வயதுக்கு அவளுக்கு 100 புள்ளி, எனக்கு 75. முப்பதில் இருந்து வருடத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைகிறது, அதனால் 31 வயதில் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். அவள் பெயரில் போட்டோம். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், சரி, அவர்களா டிக்கெட் எடுத்துத் தரப்போகிறார்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல புள்ளி வேண்டுமென்றால் கேட்பதில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுக்க வேண்டும். முதல் தடவை அவளுக்கு எழுத்தில் 6.5 வந்தது. அரை பேண்டுதானே என்று நினைத்தோம். இரண்டு பட்டமும் மூன்று வருட அனுபவமும் உள்ளவருக்கு அந்த அரை பேண்டு ஐம்பது புள்ளிக்கு மேல் தின்றுவிடும். மறுபடி பணம் கட்டி எழுதினாள். நாங்கள் போட்ட காலத்தில் 440 சொச்சத்துக்கே அழைப்பு வந்தது. 2024-ல் நடந்த பொதுச் சுற்றுகள் 500-ஐத் தாண்டி நின்றன. உங்கள் எண் அதற்குக் கீழே இருந்தால் மாகாண நியமனத்தையோ (ஒரு மாகாண அரசே உங்களைத் தேர்ந்தெடுப்பது) பிரெஞ்சையோ யோசியுங்கள். மாகாணம் நியமித்தால் 600 புள்ளி. பிரெஞ்சுக்கு 2023-ல் இருந்து தனிச் சுற்றே நடக்கிறது.

இனி யாரும் உங்களுக்குச் சொல்லாத விஷயம், பெயர். நம் ஊர் இனிஷியல் கனடாவுக்குப் புரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் கூடத்தில் பாய் விரித்து மகளுடைய சர்டிபிகேட்டை எல்லாம் வரிசையாக வைத்தார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எஸ். உமாமகேஸ்வரி. டிகிரியில் உமா மகேஸ்வரி எஸ்., நடுவில் ஓர் இடைவெளி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, குடும்பப் பெயர் சங்கரபாண்டியன், பெயர் உமாமகேஸ்வரி. பேங்க் பாஸ்புக்கில் கல்யாணத்துக்குப் பிறகு என் இனிஷியலோடு ஆர். உமா. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, இதுல எம்பொண்ணு யாரு?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார், ஆனால் விசாவைப் பார்க்கிற அதிகாரிக்கு வரப்போகிற கேள்வியும் அதுதான். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத் தலைமையாக வைத்துக்கொண்டோம். பேங்கில் மாற்ற முடிந்தது, மாற்றினோம். டிகிரி சான்றிதழில் கை வைக்கவில்லை, அதற்குள் வருடம் ஓடிவிடும். நோட்டரியிடம் இந்த நாலு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் வாங்கினோம். மாவட்ட நீதிமன்றம் பக்கம் டைப் அடிக்கிற அண்ணன் நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இனிஷியலா?" என்றார். தினமும் அவருக்கு இதுதான் வேலை போலிருக்கிறது. கனடாப் படிப்புக்குச் சமமா என்று பார்க்கப் படிப்பை மதிப்பீட்டுக்கு அனுப்பும்போதே டிகிரிப் பெயர், பாஸ்போர்ட் பெயர் இரண்டையும் குறிப்பிட்டுவிட்டோம். இதையெல்லாம் அழைப்பு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வந்த பிறகு அறுபது நாள்தான்.

அடுத்து அனுபவக் கடிதம். அவள் டவுன்ஹால் ரோடு பக்கம் ஓர் ஆடிட்டரிடம் நாலு வருடம் வேலை பார்த்தாள். அவர் கொடுத்த முதல் கடிதம் இரண்டு வரி: இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டுமானால் அது போதும். கனடாவுக்குப் பதவி, தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தார் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வேண்டும். நாங்களே டைப் அடித்துக் கொண்டுபோனோம். பாவம், ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

அங்கே போய்ச் சமாளிக்கப் பணம் இருக்கிறது என்று காட்டுவதும் அப்படித்தான். திருமங்கலத்தில் பிளாட் இருக்கிறது, நகை இருக்கிறது, சீட்டு கட்டுகிறேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. பேங்க் கணக்கில் ரொக்கமாக, கடன் வாங்காத பணமாக இருக்க வேண்டும். தேவையான தொகை குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது, வருடா வருடம் மாற்றுகிறார்கள். ஆறு மாதச் சராசரி இருப்பையும் பேங்க் எழுதித் தர வேண்டும். எங்கள் கிளை மேனேஜர், "அப்படி ஒரு ஃபார்மட்டே எங்களிடம் இல்லையே" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். நாலாவது முறை கனடா தளத்தின் பக்கத்தையே பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகு தந்தார். அப்பா அம்மா பணம் போட்டால் அன்பளிப்பு என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். நிலம் விற்ற பணமென்றால் கிரயப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் அஃபிடவிட்.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா மூலம்தான், பெரிய சிரமமில்லை. ஆனால் கடந்த பத்து வருடத்தில் வேறு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அங்கிருந்தும் வாங்க வேண்டும். நான் சிங்கப்பூரில் இரண்டு வருடம் இருந்ததால் அதற்கு ஒரு தனி அலைச்சல். மெடிக்கல் அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும்தான். நாங்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய் வந்தோம். அரசுக் கட்டணம் 2024 ஏப்ரலில் பெரியவர் ஒருவருக்கு 1,525 கனடா டாலர் ஆனது, கட்டும் நாளில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கனடாவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் கிளினிக்கில் நர்ஸ் கதவைத் திறந்து "சங்கரபாண்டியன்!" என்று கூப்பிடும்போது, என் மனைவி அப்பா எங்கே என்று ஒரு விநாடி திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போகிறாள்.