அப்பா மனந்திரும்பாமல்தான் போனாரா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"அப்பா திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அம்மா தூத்துக்குடி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிப்பார். கோவில் பக்கம் போய் இருபது வருஷம் இருக்கும். போன மாதம் மாரடைப்பு. நாலு நாள் ஐ.சி.யு.வில், வென்டிலேட்டரில் இருந்தார். பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அம்மா அவர் நெற்றியில் எண்ணெய் தடவி ஜெபித்தபோது கண்ணோரம் நீர் வழிந்தது. மறுநாள் போய்விட்டார். அக்காவின் கணவர் பெந்தெகொஸ்தே சபை விசுவாசி. 'மாமா மனந்திரும்பாமலே போய்ட்டாங்க, இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்ல' என்று துக்க வீட்டிலேயே சொல்லிவிட்டார். அம்மாவோ முப்பதாம் நாள் பூசை வைக்க வேண்டும் என்கிறார். செத்த பிறகு மனந்திரும்ப வழி உண்டா? இல்லையென்றால் பூசை எதற்கு? அந்தக் கண்ணீருக்கு அர்த்தம் உண்டா? அத்தானை முப்பதாம் நாளுக்குக் கூப்பிடுவதா, வேண்டாமா?"

அன்புச் சகோதரி, முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் வீட்டில் கூடுகிற மூன்று சபைகளும் ஒரே குரலில் பேசுகிற அபூர்வமான விஷயம் இது. மரணத்துக்குப் பின் மனந்திரும்புதல் என்று ஒன்று இருப்பதாக சி.எஸ்.ஐ.யும் போதிக்கவில்லை, பெந்தெகொஸ்தே சபையும் போதிக்கவில்லை, கத்தோலிக்கத் திருச்சபையும் போதிக்கவில்லை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் பலருக்கும் ஆச்சரியம். "உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறதே" என்பார்கள், இறந்தபின் ஆன்மா தூய்மையாகும் நிலையைச் சொல்லி. அதற்கு வருகிறேன். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 393-ஆம் எண்ணை மட்டும் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்த வானதூதர்களுக்கு மனமாற்றம் இல்லாததுபோல, மரணத்துக்குப் பின் மனிதருக்கும் இல்லை என்று எட்டாம் நூற்றாண்டு தமஸ்கு யோவானின் சொல்லை அது எடுத்தாள்கிறது.

அத்தான் மேற்கோள் காட்டியிருக்கக்கூடிய வசனங்கள் எனக்குத் தெரியும். "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்கிற எபிரெயர் 9:27. பிறகு லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவான், லாசரு கதை. அங்கே இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு "பெரும்பிளப்பு". யாரும் தாண்ட முடியாது. ஆனால் இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த விளக்கம் பைபிளுக்கு வெளியே இருக்கிறது. ரோமாபுரி கிளெமெந்தின் பேரில் வழங்குகிற, ஆனால் அவர் எழுதாத, இரண்டாம் நூற்றாண்டுப் பிரசங்கம் ஒன்று உண்டு. நாம் குயவன் கையிலுள்ள களிமண், என்கிறார் அந்தப் பிரசங்கியார். பானை கோணினாலோ உடைந்தாலோ குயவன் பிசைந்து மறுபடி வனைந்துவிடுவான். சூளைக்குள் போய்விட்டால் அவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இந்த உலகத்தில் இருக்கும்போதே மனந்திரும்புங்கள், போன பிறகு அங்கே அறிக்கையிடவும் முடியாது, திரும்பவும் முடியாது என்று முடிக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இதையே தத்துவமாகச் சொன்னார்: உடலோடு இருக்கும்வரைதான் மனித மனம் இப்படியும் அப்படியும் மாறும், உடலைப் பிரிந்த ஆன்மா கடைசியாக எதைப் பற்றிக்கொண்டதோ அதிலேயே நிலைத்துவிடும் என்று.

இந்த இடம்வரை அத்தான் சொன்னதில் பிழையில்லை. பிழை அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. "மரணத்துக்குப் பின் மனந்திரும்ப முடியாது" என்பது உபதேசம். "மாமா மனந்திரும்பாமல் போய்விட்டார்" என்பது தகவல். உபதேசத்துக்கு வசனம் இருக்கிறது. அந்தத் தகவலை அவருக்கு யார் கொடுத்தார்கள்?

சிலுவையில் தொங்கிய கள்ளனை நினைத்துப் பாருங்கள். அவன் மனந்திரும்பியதற்குச் சாட்சி பக்கத்தில் தொங்கியவர்கள்தான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா? அவன் ஊர்க்காரர்கள் அன்று ராத்திரி திண்ணையில் என்ன பேசியிருப்பார்கள்? "கடைசிவரைக்கும் திருந்தவே இல்லை" என்றுதான். லூக்கா எழுதி வைத்திராவிட்டால் நாமும் அதையேதான் நம்பியிருப்போம்.

உங்கள் அம்மாவுக்கு "உத்தம மனஸ்தாப மந்திரம்" மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். தூத்துக்குடியில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. உத்தம மனஸ்தாபம் என்றால் தண்டனைக்குப் பயந்து வராமல், கடவுள்மேல் உள்ள அன்பினால் வருகிற வருத்தம். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு அது உள்ளத்தில் எழுந்துவிட்டால், குருவானவர் வந்து சேரும் முன்பே ஆள் கடவுளோடு ஒப்புரவாகிவிடுகிறார் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1551-இல் சொல்லிவிட்டது. அதற்கு எத்தனை நொடி வேண்டும் என்று மட்டும் எந்தச் சங்கமும் வரையறுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் ஆர்ஸ் கிராமத்துப் பங்குத்தந்தையாக இருந்த வியான்னியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். ஒரு பெண்ணின் கணவர் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து இறந்துவிட்டார். நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்று அவள் உருகிக்கொண்டிருந்தாள். வியான்னி அவளிடம், பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் அவருக்கு மனஸ்தாபப்பட நேரம் இருந்தது என்றாராம். இன்றைய மறைக்கல்வி நூலும் 2283-ஆம் எண்ணில், தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பைத் தர வல்லவர் என்கிறது. பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இடம் இருந்தால், நாலு நாள் ஐ.சி.யு.வில் இடம் இல்லாமல் போகுமா?

அந்தக் கண்ணீர் விஷயம். வென்டிலேட்டரில் இருப்பவரின் கண்ணில் நீர் வருவதற்கு மருத்துவர் பல காரணம் சொல்வார். அது அவர் துறை. நீங்கள் அதைச் சாட்சிப் பத்திரமாக அத்தானிடம் நீட்டாதீர்கள். ஒரு வாக்குவாதத்தில் அது தோற்றுப்போனால் அம்மா தாங்கமாட்டார். ஆனால் ஒன்று. நினைவிழந்து கிடக்கிறவருக்கும், நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்று கருத இடமிருந்தால், கத்தோலிக்கத் திருச்சபை நோயில்பூசுதல் என்ற, எண்ணெய் பூசும் அருட்சாதனத்தைக் கொடுக்கிறது. வாய் பேசாத மனிதருக்குள் கடவுளுக்கு வேலை இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தக் குருவும் ஐ.சி.யு. கதவைத் தள்ளிக்கொண்டு எண்ணெய்ச் சிமிழோடு உள்ளே போகமாட்டார். அம்மா தடவிய எண்ணெய் அருட்சாதனம் ஆகாது. அவரைச் செய்யவைத்ததும் இதே நம்பிக்கைதான்.

இனி உத்தரிக்கிற ஸ்தலம். நம்மூரில் இதைப்போலத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட உபதேசம் வேறில்லை. எதிர்க்கிறவர்கள் மட்டுமில்லை, ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் பூசைக்கு எழுதிக் கொடுக்கிறவர்களில் பாதிப் பேரும் அதை ஒரு மறுதேர்வு என்றே நினைக்கிறார்கள்: இங்கே பெயில் ஆனவர் அங்கே மறுபடி எழுதித் தேறலாம், நாம் பூசை வைத்து மார்க் கூட்டித் தரலாம் என்று. திருச்சபை அப்படிச் சொல்லவே இல்லை. கடவுளோடு உறவில் இறந்தவர்கள், அதாவது ஏற்கெனவே தேறியவர்கள், கடவுளின் முகத்தைக் காணும் முன் தூய்மையாவதற்குத்தான் அந்த நிலை. கடவுளை மறுத்துவிட்டுப் போனவர் அங்கே வருவதில்லை. அங்கே இருக்கிறவர் கடைசியில் மோட்சம் சேராமல் போவதுமில்லை. குடிப்பழக்கம், அதனால் வீட்டில் ஏறிய கசப்பு, கேட்காமல் விட்ட மன்னிப்பு எல்லாம் ஒரு நொடி மனஸ்தாபத்தில் மன்னிக்கப்படலாம். மனிதர் முழுக்கச் சுகமாவதற்கு அந்த நொடி போதுமா என்பதுதான் கேள்வி. ஃபுளோரன்ஸ் சங்கம் 1439-இலும் திரெந்து சங்கம் 1563-இலும் இதை வரையறுத்தபோது சொன்னவை இரண்டே: தூய்மையாகும் நிலை உண்டு, நம்முடைய மன்றாட்டு அங்கே இருப்பவர்களுக்கு உதவும். நெருப்புக் குழி, அளவெடுத்த வருஷங்கள் எல்லாம் ஓவியர்களும் பிரசங்கிமார்களும் சேர்த்த மசாலா. அது ஓர் இடமே இல்லை, ஒரு நிலை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999-இல் தெளிவுபடுத்தினார்.

பழங்காலத் திருச்சபையின் பேரறிஞர் அகுஸ்தீனாரின் அம்மா மோனிக்கா 387-இல் ஓஸ்தியா துறைமுகத்தில் சாகக் கிடந்தபோது, என் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்டார். பிற்பாடு அதை எழுதிய அகுஸ்தீனார், வாசிக்கிறவர்களிடம் அம்மாவுக்காகவும் அப்பா பத்ரீசியுசுக்காகவும் சேர்த்தே ஜெபம் கேட்கிறார். பத்ரீசியுஸ் யார்? முன்கோபக்காரர். மனைவிக்குத் துரோகம் செய்தவர். வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில்தான் விசுவாசத்துக்கு வந்தவர். உங்கள் அம்மா கேட்கிற முப்பதாம் நாள் பூசைக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் திருச்சபைக்கு வருவோம். அங்கே நிலைமை கொஞ்சம் சிக்கல். 1947 செப்டம்பர் 27-இல் நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த சி.எஸ்.ஐ. ஒரே ஊற்றிலிருந்து வந்ததில்லை. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் அதில் கலந்திருக்கின்றன. ஆங்கிலிக்கன்களின் 39 விதிகளில் 22-ஆவது உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கிறது. பிரெஸ்பிட்டேரியன்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை மரித்தோருக்காக ஜெபிப்பதையே விலக்குகிறது. ஆகவே சி.எஸ்.ஐ. போதகர் ஐயரவர்கள் பெரும்பாலும், மரித்தவருக்காக நன்றி சொல்லலாம், மன்றாடுவதில்லை என்பார். ஆனால் சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்த லூத்தர் இவ்வளவு கறாராக இல்லை. 1528-இல் அவர் எழுதியதன் சாரம் இது: 'அன்பான கடவுளே, இந்த ஆத்துமா உம் இரக்கம் எட்டுகிற நிலையில் இருந்தால் தயவு காட்டும்' என்று ஒன்றிரண்டு முறை ஜெபிப்பது பாவமில்லை, அதோடு விட்டுவிடுங்கள். அதற்கு ஆறு வருஷம் முன்னால் ஒரு கடிதத்தில், சாகும்போதோ செத்த பிறகோ கடவுள் ஒருவருக்கு விசுவாசத்தைக் கொடுக்க முடியுமா என்றால் முடியும், அதை யார் சந்தேகிப்பார்கள், ஆனால் கொடுக்கிறார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்றார். இந்தத் தலைப்பில் நான் படித்தவற்றில் மிகவும் நேர்மையான வரி இது.

யாராவது 1 பேதுரு 3:19-ஐ வாட்ஸப்பில் அனுப்பி, கிறிஸ்து பாதாளத்தில் பிரசங்கித்தாரே, அப்படியென்றால் இரண்டாம் வாய்ப்பு உண்டே என்று கேட்கலாம். அந்த வசனம் யாருக்கும் சுலபமாகப் பிடிபட்டதில்லை. நோவா காலத்து மக்களுக்கு நோவாவின் வழியாகக் கிறிஸ்து பேசியது என்றார் அகுஸ்தீனார். காத்திருந்த பழைய ஏற்பாட்டு நீதிமான்களுக்கு விடுதலை அறிவித்தது என்பது இன்னொரு பழைய விளக்கம். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன் என்ற இறையியலாளர், கடைசியில் எல்லாருமே மீண்டும் கடவுளிடம் சேர்வார்கள் என்றார். அவர் பேரில் வழங்கிய அந்தப் போதனையை ஆறாம் நூற்றாண்டில் திருச்சபை தள்ளிவிட்டது. அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை. முப்பதாம் நாள் பூசையைத் தாராளமாக எழுதிக் கொடுங்கள். அப்பா சி.எஸ்.ஐ. என்பதைப் பங்குத்தந்தையிடம் மறைக்க வேண்டாம். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கத் திருச்சபைச் சட்டம் 901 குருவுக்கு உரிமை தருகிறது. காணிக்கை முடிந்ததைக் கொடுங்கள். ஏழைகள் கேட்டால் காணிக்கையே இல்லாமலும் வைக்க வேண்டும் என்று சட்டம் 945 குருக்களுக்குப் பரிந்துரைக்கிறது. ஆனால் யாராவது வந்து, உங்கள் அப்பாவின் ஆத்துமா இன்ன நிலையில் இருப்பதைத் தரிசனத்தில் பார்த்தேன், இத்தனை ஜெபம், இவ்வளவு காணிக்கை என்று பேசினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அவர் எந்தச் சபைக்காரராக இருந்தாலும் சரி. மரித்தோர் பேரில் காசு பார்க்கும் வாடை அடிக்கிற எதையும் தடை செய்யச் சொன்னது அதே 1563 திரெந்து ஆணைதான்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வரும்போது அம்மாவைக் கல்லறைக்கு அழைத்துப் போங்கள். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் யார் ஆர்.சி., யார் சி.எஸ்.ஐ. என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

அத்தானைக் கட்டாயம் கூப்பிடுங்கள். பூசைக்கு அவர் மனசாட்சி இடம் கொடுக்காமல் போகலாம், வற்புறுத்த வேண்டாம். மத்தியானம் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும் முன் ஒரு வாசிப்பு வையுங்கள். அதை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். சங்கீதம் 130, "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." கத்தோலிக்கர்கள் நூற்றாண்டுகளாக மரித்தோருக்காகச் சொல்லிவருகிற சங்கீதம் அது. அவருடைய பைபிளிலும் இருக்கிறது. மூன்றாம் வசனம் வரும்போது நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான்."