ஈரல் டானிக் எத்தனை மில்லி?

கேள்வி: எங்களிடம் நான்கு கலப்பின ஜெர்சி மாடுகள் இருந்தன. பால் கூடட்டும் என்று பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் தினமும் 4 கிலோ மக்காச்சோள மாவும், கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு ஒரு வாளியும் கொடுத்து வந்தோம். சென்ற வாரம் ஒரு மாடு இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், கல்லீரலில் சீழ்க்கட்டிகளும் வெள்ளைத் தழும்புகளும் இருப்பதாகச் சொன்னார். மற்ற மூன்றுக்கும் ஈரல் டானிக் எத்தனை மில்லி கொடுக்கலாம்?

பதில்: நீங்கள் டானிக்கின் அளவைக் கேட்டிருக்கிறீர்கள், கேட்டிருக்க வேண்டியது அந்தச் சோற்று வாளியைப் பற்றி.

மாவும் சோறும் முதல் வயிற்றில் விரைவாகப் புளித்து, அங்குள்ள பி.ஹெச். அளவை 5.5க்கும் கீழே இறக்கிவிடும்போது, அங்கு வாழும் கிராம் நெகட்டிவ் என்னும் வகைப் பாக்டீரியாக்கள் ஏராளமாக மடிந்து, தம் வெளிச்சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நஞ்சை வெளிவிடுகின்றன. அமிலத்தால் புண்ணான வயிற்றுச் சுவரைக் கடக்கும் அந்த நஞ்சு, போர்ட்டல் சிரை வழியே நேரே கல்லீரலைச் சென்றடைகிறது. அதே புண்களின் வழியே ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற கிருமியும் நுழைந்து, தன் நஞ்சால் வெள்ளையணுக்களைக் கொன்று சீழ்க்கட்டியை உண்டாக்கும். மருத்துவர் கண்ட கட்டிகள் பெரும்பாலும் இதன் வேலையாகவே இருக்கும்.

கட்டி இல்லாத இடத்திலும் தழும்பு விழலாம். கல்லீரலின் காவல் செல்களான குப்பர் செல்கள், டி.எல்.ஆர்.4 என்னும் ஏற்பியால் எண்டோடாக்சினை உணர்ந்து அழற்சியைக் கிளப்புகின்றன. கல்லீரலில் வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளில் சேமித்தபடி சும்மா இருந்த ஸ்டெல்லேட் செல்கள், அந்த அழற்சியால் தூண்டப்பட்டு, சேமிப்பை இழந்து கொலாஜன் நாரை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. எலிகளில் நடந்த ஆய்வுகளில், எண்டோடாக்சின் இந்த ஸ்டெல்லேட் செல்களையே நேரடியாகத் தாக்கி, டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற தழும்புத் தூண்டியை அடக்கி வைக்கும் பாம்பி என்னும் புரதத்தைக் குறைத்துவிடுவது தெரிந்தது; அதனால் சிறு தூண்டுதலுக்கே நார் மிகுதியாகப் படிகிறது. தீவனத் தொட்டியிலிருந்து நஞ்சு நாள்தோறும் வந்துகொண்டிருக்கையில், மேலே ஊற்றும் டானிக் எதைத் தடுக்கும்? முற்றிய தழும்பை எந்தப் புட்டியும் கரைக்காது. உங்கள் மாட்டுச் சாணியை ஒருநாளும் பார்த்திராத கடைக்காரர் சொல்லும் மில்லிக் கணக்கு அவருடைய கல்லாவுக்கான கணக்கு.

நான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருவது ஒன்றுதான்: காலையில் தொட்டியில் முதலில் விழ வேண்டியது வைக்கோல் அல்லது சோளத்தட்டை, அடர்தீவனம் அதன் பிறகுதான். நன்றாக அசைபோடும் மாட்டுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அதில் இருப்பது நாம் கடையில் வாங்கும் அதே சோடா உப்புதான்; வயிற்றின் புளிப்பை முறிப்பது அதுவே. தட்டையை நறுக்கும் இயந்திரம் வாங்கியவர்கள் அதைத் தூளாகவே அரைத்துவிடுகிறார்கள். தூளைத் தின்ற மாடு அசைபோடாது. ஓரிரு அங்குல நீளம் இருக்கட்டும்.

சோற்றை இன்றே நிறுத்துங்கள். மாவைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பின்னர் கூட்டுவதானால் இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சாணி நுரைத்தும் இளகியும், அரையாத மக்காச்சோளத் துணுக்குகளோடும் விழுந்தால் வயிறு இன்னும் புளித்திருக்கிறது என்று பொருள். மாடுகள் வாய்க்கால் ஓரம் மேய்பவையானால், ஈரல் தட்டைப்புழுவும் தழும்பை உண்டாக்கும் என்பதால், மூன்றின் சாணியையும் தனித்தனியே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்துவிடுங்கள்.