பிஸ்டன் ரிங் மாற்றியும் நீலப்புகை நிற்கவில்லையா?

அப்பா ஓட்டிய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்குப் புது ரிங் போட்டும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் நீலப்புகை, அதாவது ஆயில் எரியும் புகை, வருகிறது என்கிறீர்கள். எனக்கு சிலிண்டர் மேல்தான் சந்தேகம். தேய்ந்த போரில் (சிலிண்டரின் உள்துளையில்) புது ரிங் சரியாக உட்காராது. சிலிண்டரைக் கழற்றி, போர் கேஜ் என்ற துளை அளக்கும் கருவியை வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். மேலே ரிங் திரும்பும் இடத்தில் விரல் நகம் தட்டுகிற மாதிரி விளிம்பு இருந்தால் ஹோனிங் (உட்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) போதாது; ரீபோர் செய்து, அதாவது துளையைப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பெரும்பாலும் 0.25, 0.50 மி.மீ. கூடுதல் என்று படிப்படியாகக் கிடைக்கும். பிஸ்டனை முதலில் வாங்குங்கள், அதை அளந்த பிறகே சிலிண்டரை ரீபோர் செய்யக் கொடுங்கள். வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள். அப்பா ஓட்டிய தூரமெல்லாம் அதில் கோடு கோடாக இருக்கிறது.